உறியும் கல்தட்டும்

புதுமனை மந்திரிக்கச் செல்லும்போது குருக்களாகிய நாம் வழக்கமாகத் தலைவாயிலில் தொடங்கி, கூடம், படுக்கையறை எனத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே சென்று, கடைசியாக அடுக்களைக்குள் நுழைவோம். பால் காய்ச்சுவதற்காக வீட்டுப் பெண்கள் அங்கே கூடியிருப்பர். அந்தச் சில நிமிடங்களில் எமது கண்கள் சுவர்ப்பக்கம் செல்வதுண்டு. கால் நூற்றாண்டாகக் காவிரிப் படுகையின் பங்குகளில் பணியாற்றியதில் எத்தனை அடுக்களைகளைக் கண்டிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. மந்திரித்த வீட்டிற்கு ஓராண்டு கழித்து, நோயாளி ஒருவருக்கு நன்மை கொண்டுபோகும்போது, அதே அடுக்களையை மீண்டும் காண நேரும். பெரும்பாலும் ஒரே காட்சிதான். சுவரில் நான்கு கல்தட்டுகள். மேல் இரண்டில் சீர்வரிசையாக வந்து இன்னும் பிரிக்கப்படாத பாத்திரங்கள். அன்றாடம் புழங்கும் அரிசி வாளி, குடம், எண்ணெய்த் தூக்கு, மிக்சி யாவும் தரையில். வீட்டு அம்மா குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்துகொண்டிருப்பார்.

தட்டு இருந்தும் பாத்திரம் தரையில் இருப்பானேன்? இக்கேள்வி எம்மைப் பின்னோக்கி வெகுதூரம் அழைத்துச் சென்றது.

தமிழரின் அடுக்களையில் பொருளை வைப்பதற்கு முதலில் அமைந்த இடம் சுவரன்று, கூரையே. உறி என்னும் சொல் கலித்தொகையிலேயே காணப்படுகிறது. தேங்காய் நாரையோ பனைநாரையோ திரித்து வலைபோலப் பின்னி, கூரை வளையிலிருந்து தொங்கவிட்டு, அதில் பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைப்பர். பூனையும் எலியும் எட்டாது. நாற்புறமும் காற்றோட்டம் உண்டு. தயிர் விரைவில் புளித்துப்போகாது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து வரகூரில் ஆண்டுதோறும் உறியடித் திருவிழா நடைபெறுகிறது. கண்ணன் வெண்ணெய் திருடிய கதையின் நினைவாக அதனைக் கொண்டாடுகின்றனர். அக்கதை முழுவதும் ஓர் உயரத்தைப் பற்றியதுதான் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்: தாயின் கை எட்ட வேண்டும், பிள்ளையின் கை எட்டக் கூடாது. உறியைக் கட்டியவள் தன் கையை அளவாகக் கொண்டே கட்டினாள். கயிற்றை ஒரு சாண் ஏற்றவும் இறக்கவும் அவளுக்கு எவரிடமும் அனுமதி வேண்டியிருக்கவில்லை.

உறிக்கு அடுத்தது பரண். மூங்கிலையோ பனஞ்சட்டத்தையோ அடுப்புக்கு மேலே குறுக்காகப் பரப்பினால் பரண் ஆயிற்று. விறகடுப்பின் புகை நாள்தோறும் அதில் படிந்துகொண்டே இருக்கும். அப்புகைதான் பரண்மேல் வைத்த புளி, மிளகாய், விதைக்காய் ஆகியவற்றைப் பூச்சி அண்டாமல் காத்தது. பிற்காலத்தில் எரிவாயு அடுப்பு வந்தபோது, சுவர் கரியாகவில்லை என மகிழ்ந்த இல்லத்தரசிகள், பரண்மேல் வைத்த புளியில் வண்டு விழுந்ததைக் கண்டு வியந்தனர். புகையின் கேடு பெரிது, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அது செய்துவந்த ஒரு வேலையையும் நாம் அறிந்திருக்கவில்லை.

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பெரிய வீடுகளில் மூன்றாவதாக ஓர் ஏற்பாடு இருந்தது. அதுவே மாடப்பிறை. ஒன்றரையடிக் கனமுள்ள சுவரில் ஒரு சாண் ஆழத்திற்குக் குடைந்தாலும் சுவர் தாங்கும். விளக்கு, உப்புமரவை, அஞ்சறைப் பெட்டி என்பவை அதில் அமரும். மரம் ஏதும் இல்லாமையால் கறையான் ஏறாது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எனக் கட்டுக்கட்டாக நீளும் தஞ்சை வீடுகளின் பின்கட்டுகளில் இன்றும் இப்பிறைகளைக் காணலாம். ஆனால் மண்ணைக் குழைத்து மூங்கிற் படலின்மேல் அப்பிய குடிசைச் சுவரில் பிறை குடைய இயலாது. ஓர் ஆணி அடித்தாலே மண் உதிர்ந்துவிடும். ஆகவே குடிசையில் உறியும் தரையுமே மிஞ்சின.

இங்கே ஒரு நுட்பத்தையும் குறிப்பிட வேண்டும். மண்பானையின் அடிப்பாகம் உருண்டை. அது தட்டையான பலகையின்மேல் நில்லாது, உருளும். அதற்கு வைக்கோற் புரியால் செய்த பிரிமணை வேண்டும். ஆகவே மண்பானை இருந்த வரையில் தட்டுக்குத் தேவையே எழவில்லை எனலாம். மூலையில் ஒரு பிரிமணை, அதன்மேல் பெரும்பானை, அதன்மேல் சிறியது, அதன்மேல் இன்னும் சிறியது என அடுக்குப் பானைகள் ஓராள் உயரம் நிற்கும். தட்டையான அடியுடைய எவர்சில்வர் டப்பாக்கள் பரவலாக வீடு புகுந்த பின்னரே சுவர்த்தட்டு தமிழ் வீட்டின் தேவையாயிற்று. எமது இளமையில், அதாவது எழுபதுகளின் கடைசியில், தாயாரின் அடுக்களையில் இரண்டும் கலந்திருந்தன. கூரையில் உறி, மூலையில் அடுக்குப் பானை, சன்னலோரம் ஒரு மாம்பலகைத் தட்டு. அதன்மேல் டால்டா டின்களும் ஹார்லிக்ஸ் புட்டிகளும் வரிசையாக நிற்கும். எதிலும் டால்டா இல்லை, ஹார்லிக்சும் இல்லை, பருப்பும் மல்லியும்தான்.

அலமாரி என்ற சொல்லைத் தமிழென்றே பலரும் கருதுகின்றனர். அது போர்த்துகீசியர் கொணர்ந்தது. மேசை, சாவி, சன்னல் ஆகியவற்றுக்கும் மூலம் அம்மொழியே. நாகப்பட்டினத்தில் பதினாறாம் நூற்றாண்டில் குடியேறிய அவர்களை 1658-இல் டச்சுக்காரர் வெளியேற்றினர். ஆட்சி போயிற்று, அலமாரி நின்றுவிட்டது. டச்சுக்காரரும் தம் பங்கிற்கு ஒன்றை விட்டுச் சென்றனர்: இலங்கைத் தமிழர் மேசை இழுப்பறையை இன்றும் லாச்சி என்பர், அது டச்சுச் சொல். குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாட்களில் 'ஆர்மாரியும்' என்னும் சொல்லைக் கண்டு நாம் திகைத்தது நினைவுக்கு வருகிறது. கருவிகளை வைக்கும் பெட்டகம் என்பதே அதன் முதற்பொருள். பின்னர்த் துறவு மடங்களில் அது நூல்களை வைக்கும் பேழையாயிற்று. நூலகப் பொறுப்பாளரை 'ஆர்மாரியுஸ்' என்றே அழைத்தனர். கருவிகளிலிருந்து நூல்களுக்கும், நூல்களிலிருந்து நாகைத் துறைமுகம் வழியாகத் தஞ்சையின் பருப்பு டப்பாவிற்கும் ஒரு சொல் நடந்து வந்திருக்கிறது.

சொல் நடந்து வந்த தூரத்தை அப்பொருள் எளிதில் கடக்கவில்லை. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று கூம்பு வடிவில் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். ஒரு கலத்திற்குப் பன்னிரண்டு மரக்கால். அக்களஞ்சியத்தின் குளிர்ந்த சுவரைத் தொட்டு நிற்கையில், அதனுள் கொட்டப்பட்ட நெல்லை விளைவித்தவர்களின் வீட்டில் எவ்வளவு நெல் இருந்திருக்கும் என்ற எண்ணம் எழாமல் இராது. மிராசுதார் வீட்டில் மரப்பலகையாலான பத்தாயம். அடியில் சிறு வாய், அதைத் திறந்தால் வேண்டிய அளவு நெல் சரியும். நடுத்தர உழவர் வீட்டில் மண்ணுறைகளை அடுக்கிச் செய்த குதிர். பண்ணையாள் வீட்டில் அன்றன்று களத்தில் மரக்காலால் அளந்து தந்த கூலி நெல், அன்றன்றே குத்திச் சோறாகிவிடும். சேர்த்து வைக்க ஒன்றுமில்லாத வீட்டில் தட்டு எதற்கு என்று கேட்போரும் அந்நாளில் இருந்தனர். கேட்டவர்கள் ஒன்றை மறந்தனர். அந்தக் குடிசை நின்ற நிலமே பண்ணையாளுக்கு உரியதன்று. மிராசுதார் முகம் சுளித்தால் மறுநாள் கூரையைப் பிரிக்க வேண்டும். நாளை இருக்குமோ இராதோ என்ற சுவரில் எவர் தட்டு அமைப்பார்? பிரித்துச் சுருட்டி எடுத்துச் செல்லத்தக்கது உறி ஒன்றே.

ஆகவே தஞ்சை அடுக்களையின் வரலாற்றை எழுதப் புகுவோர் சட்டப் புத்தகங்களையும் புரட்ட வேண்டியிருக்கிறது. 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல் குடியிருப்பு மனையிலிருந்து வெளியேற்றப்படாமல் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் தாளில் உள்ள காப்பு தரைக்கு வருவது எளிதன்று. 1968 டிசம்பர் 25 அன்றிரவு, நாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே நாளில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட மக்களின் குடிசைகள் தீயிடப்பட்டன. ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1971-இல் இயற்றப்பட்ட குடியிருப்புச் சட்டம், உழவரும் உழவுத் தொழிலாளரும் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கிற்று. கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இணையர் 1981-இல் தொடங்கிய 'லாப்டி' இயக்கம், கீழத்தஞ்சையின் நிலமற்ற பெண்களின் பெயரில் நிலம் வாங்கித் தந்ததோடு, குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் வீடுகளைக் கட்டவும் முனைந்தது. மனை உரிமையான பின்னரே சுவர் வந்தது. சுவர் வந்த பின்னரே, எங்கே எதை வைப்பது என்ற கேள்வியைக் கேட்கும் உரிமை ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது.

அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டார்களா என்பது வேறு செய்தி.

2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின் நாகைக் கடற்கரையில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. 2010-இல் குடிசைகளைக் காரை வீடுகளாக்கும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம். 2011-இல் 300 சதுர அடியில் சமையலறையுடன் பசுமை வீடுகள். 2016-இல் மைய அரசின் ஊரக வீட்டுத் திட்டம், தூய்மையான சமையலிடம் உட்படக் குறைந்தது 25 சதுர மீட்டர் என வரையறுத்தது. இவை யாவும் போற்றத்தக்கவை. அதே 2011-இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையின்றி வழங்கிற்று. மாதம் 20 கிலோ அரிசியும் விலையின்றிக் கிடைத்தது. அரிசி மூட்டையும் இரு இயந்திரங்களும் எரிவாயு உருளையும் ஒரு சிறிய அடுக்களைக்குள் ஏறக்குறைய ஒரே காலத்தில் புகுந்தன. இடம் எங்கே? கொத்தனார் தமக்குப் பழக்கமான உயரத்தில், பலகணிக்கு மேலே ஒரு பரணும், அதன் கீழே இரு கடப்பைக் கல்தட்டுகளும் பதித்துச் சென்றார். அவருடைய கை எட்டும் உயரம் அது.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. முதல் உலகப்போருக்குப் பின், செருமனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகள் கட்டப்பட்டபோது, மார்கரெட் சூட்டே லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் 1926-இல் ஒரு சிறு அடுக்களையை வடிவமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் இரண்டு மூன்று பேர் நின்ற இடத்திலேயே நூறு பேருக்குச் சமைப்பதைக் கண்டு, ஒவ்வோர் அடியையும் நொடிக் கணக்கோடு அளந்தார். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் வைத்தார். மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி. அம்மரத்தை மாவுப்புழு அண்டாதாம். நம் பாட்டிமார் குதிரில் வேப்பிலை போட்டது நினைவுக்கு வரவில்லையா? இத்தனையும் செய்த அம்மையார், அதற்குமுன் தாம் சமைத்ததே இல்லை என்று முதுமையில் ஒப்புக்கொண்டார். அதைப் படித்தபோது எமக்குச் சற்று ஆறுதலாயிருந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பங்கு இல்லத்தின் அடுக்களையைச் செப்பனிட்டோம். பழைய மரத்தட்டுகளைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. படுகை மண்ணின் ஈரம் சுவர்வழியே ஏறுவதால் ஐப்பசி, கார்த்திகையில் மரம் உப்பிப்போவது இங்கே வழக்கம். நகரத்தில் இப்போது விற்கும் ஒட்டுப்பலகை அலமாரிகளும் இந்த ஈரத்துக்குத் தப்புவதில்லை. ஆகவே கடப்பைக் கல் என முடிவு செய்தோம். அதுவரை சரி. நாம் காகிதத்தில் கோடு போட்டோம், கொத்தனார் தலையசைத்தார். கீழ்த்தட்டு ஐந்தரை அடி, மேல்தட்டு ஆறரை அடி. எமது உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். எமது இல்லத்தில் பல்லாண்டுகளாகச் சமைத்து வரும் அம்மையாரின் உயரம் நான்கடி பத்தங்குலம். ஏழாம் மாதம், மேல்தட்டிலிருந்த புளிச்சாடியை எடுக்க முக்காலிமேல் ஏறியவர் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட நேர்ந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், கடிந்துகொள்ளாமல், அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க நின்னு பாத்தீங்க சாமி. என்னைய நிக்க வச்சுப் பாக்கலியே."

கட்டுப் பிரித்த மறுநாள் வேலையை அவரிடமே ஒப்படைத்தோம். அவர் முதலில் சுவரைத் தொடவே இல்லை. அடுக்களையிலிருந்த ஏனங்கள் யாவற்றையும் முற்றத்தில் கொண்டுவந்து பரப்பச் சொன்னார். அறுபத்து நான்கு இருந்தன. அவற்றை நான்கு குவியலாகப் பிரித்தார். நாளுக்கு மும்முறை எடுப்பவை, ஒருமுறை எடுப்பவை, வாரத்துக்கு ஒருமுறை எடுப்பவை, திருவிழாவுக்கு மட்டும் எடுப்பவை. முதல் குவியலில் இருபத்திரண்டே இருந்தன. நாம் அதுவரை அறுபத்து நான்கிற்கும் சமமாக இடம் வகுத்திருந்தோம்! பிறகு சுவரருகே நின்று, குதிகாலைத் தூக்காமல் கையை நீட்டி, அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டார். சமையல் மேடைக்குமேல் குனிந்து எட்ட வேண்டியிருப்பதால் அங்கே கோடு இன்னும் கீழிறங்கியது. தரையிலிருந்து ஐந்தடி மூன்றங்குலம். அதற்கு மேலே திருவிழா அண்டாக்கள் தவிர வேறெதற்கும் இடமில்லை என்றார். மேடையையும் 36 அங்குலத்திலிருந்து 32-க்கு இறக்க வேண்டும், கிண்டும்போது தோள் தூக்கக் கூடாது என்றார். பிற்பாடு இத்துறை நூல்களில் படித்தோம்: முழங்கைக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டுமாம். அவருடைய கணக்கு அதற்கு அரையங்குலமும் பிசகவில்லை.

கொத்தனார் தம் பங்கிற்குச் சொன்னவையும் பயனுள்ளவை. முக்கால் அங்குலக் கடப்பைக் கல் வளைந்து எச்சரிக்காது, திடீரென முறியும். ஆதலால் மூன்றடிக்குமேல் தாங்கலின்றி நீட்டக் கூடாது. நடுவே ஒரு நிற்கும் கல் வேண்டும். கல்லின் விளிம்பு சுவருக்குள் மூன்றங்குலமாவது புதைய வேண்டும். அதற்கு ஒன்பதங்குலச் சுவர் வேண்டும். நாலரை அங்குலச் சுவரை வெட்டினால் சுவரே பலமிழக்கும். கண்ணுக்கு நேரான தட்டு ஓரடி அகலத்தைத் தாண்டினால் பின்வரிசைப் பொருள் மறைந்து, மறந்து, வண்டு பிடிக்கும். அரிசியும் எண்ணெயும் போன்ற பாரமானவை இடுப்புக்குக் கீழே. ஆனால் தரையில் அன்று, ஆறங்குலத் திட்டின்மேல், சுவரைத் தொடாமல். இவற்றையெல்லாம் முதல்முறையே நாம் கேட்டிருக்கலாம். இரண்டாம் முறை கல் உடைத்து மாற்றியதில் ஆன செலவை எமது கணக்கிலேயே எழுதிக்கொண்டோம். பங்கின் கணக்கில் எழுத மனம் வரவில்லை.

அதன்பின் புதுவீடு கட்டுவோர் எம்மிடம் வந்தால், அடித்தளம் மந்திரிக்கும் நாளன்றே வீட்டு அம்மாவை அழைத்து, தட்டு எந்த உயரம் என்று கேட்கும் வழக்கம் எமக்கு ஏற்பட்டுவிட்டது. ஆடவர் சிலர் சிரிப்பர். "அதெல்லாம் மேஸ்திரி பாத்துக்குவாரு சாமி" என்பர். வலங்கைமான் பக்கத்துச் சிற்றூரில், நாற்று நட்டுப் பிழைக்கும் கைம்பெண் ஒருவர் மட்டும், நாம் கேட்குமுன்பே முந்தானையிலிருந்து முடிச்சிட்ட ஒரு சணல் கயிற்றை எடுத்துக் காட்டினார். முதல் முடிச்சு மேடைக்கு, இரண்டாவது தட்டுக்கு. இருபது ஆண்டுகள் கீற்றுக் குடிசையில் உறி கட்டி வாழ்ந்தவர். உறிக்கு அளவெடுத்த அதே கயிறுதான் என்றார்.

எமது அடுக்களையில் தேக்கு உத்தரத்தில் பழைய இரும்பு வளையம் ஒன்று உண்டு. முன்னிருந்த குருக்கள் காலத்தில் உறி தொங்கிய இடம். தட்டு வேலை முடிந்ததும் அதனை அறுத்தெடுக்கக் கொத்தனார் ஏணி போட்டார். அம்மையார் தடுத்துவிட்டார். மறுநாள் பார்த்தால் அதில் புதிய உறி ஒன்று தொங்குகிறது, உள்ளே தயிர்ச்சட்டி. இத்தனை தட்டு இருக்கையில் இது எதற்கம்மா என்றோம்.

"பூனை இன்னும் இருக்குல்ல சாமி" என்றார்.